சாய்ந்த எட்டு

“…அது எட்டு தான் மாப்ள, மூணு இல்ல. கண்ண மூடிகினு வெரலால தடவிப் பாரு. கண்ணுக்கு இன்னா தெரியும், துரு தான் தெரியும்” என்றார் மச்சான். தலை காரின் பானட்டுக்குள் இருந்தது. குரல் மட்டும் தகரத்தில் மோதி வெளியே வந்தது. நான் பக்கத்தில் ஒரு கையில் பென்சிலும் இன்னொரு கையில் மெல்லிய காகிதத் துண்டுமாக நின்றுகொண்டிருந்தேன். கட்டைவிரல் அகலம், ஒரு சாண் நீளம். அந்தக் காகிதத்தை வண்டியின் சேசிஸ் எண் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், இரும்பில் அடித்திருக்கிற எண் கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழும்பி வர வேண்டும். எனக்குப் பாதிதான் வந்தது. முன்னால் சில எண்கள் வந்தன, கடைசியில் இரண்டு வந்தன. நடுவில் மூன்று எண்கள் இருக்க வேண்டிய இடம் வெறும் கறுப்பாகக் கிடந்தது.

அந்தக் காகிதத் துண்டை நான் தூக்கிப் போடவில்லை. லைசென்ஸ் வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள், லைசென்ஸுக்குப் பின்னால், நான்காக மடித்து இன்னும் வைத்திருக்கிறேன். லைசென்ஸைப் பல முறை புதுப்பித்துவிட்டேன், உறை மாறிவிட்டது, காகிதம் மட்டும் உறை விட்டு உறை மாறி வந்துகொண்டே இருக்கிறது. எட்டு தான் என்று சொல்லிவிட்டு அடுத்தபடியாக மச்சான் என்ன செய்தார் என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போதும் எடுத்தவுடன் சொல்ல வாய் வரவில்லை. மற்றதையெல்லாம் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் இல்லாத தெரு கிடையாது. சாமி செய்கிறவர்கள், யானை செய்கிறவர்கள், வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்த மாதிரி மொழுமொழுவென்று உருண்டை செய்கிறவர்கள் என்று ஆளுக்கு ஒரு வேலை. மச்சான் எழுத்து வெட்டுகிறவர். அடிக்கல், திறப்பு விழாக் கல், கோயிலுக்குப் படி கட்டிக் கொடுத்தவர் பெயர், மாதா கோயில் கல்லறையில் பிறந்த நாளும் இறந்த நாளும், இதெல்லாம் அவர் கைக்குத்தான் வரும். பட்டறையில் சாமி செய்கிறவர்களுக்குத்தான் மதிப்பு. இவர் அதைப் பற்றி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. “சாமிக்கு மூக்கு கொஞ்சம் சப்பையா பூட்டா சாமி இன்னா கேக்கவா போவுது? பேர்ல ஒரு புள்ளி வுட்டுப் பாரு, குடுத்தவன் வூட்டுக்கே வந்துடுவான்” என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கொடுத்ததைக் கொடுத்தபடி வெட்டுவார். ஒரு முறை செங்கல்பட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் இறந்துபோயிருந்தார். அவர் கடைசியாகப் போட்ட கையெழுத்தைக் கல்லில் வெட்டித் தரச் சொன்னார்கள். நடுங்குகிற கையால் போட்ட கையெழுத்து அது. கோடு நெளிந்து நெளிந்து போகும். கொஞ்சம் நேராக்கி வெட்டச் சொன்னார் பட்டறைக்காரர். மச்சான் கேட்கவில்லை. நடுக்கத்தையும் சேர்த்து வெட்டினார். கல்லை வாங்க வந்த மகன் அதன்மேல் கையை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. “நேராக்கினா அது அந்தாளு கையெழுத்து இல்ல மாப்ள, என் கையெழுத்து ஆயிடும்” என்று மச்சான் பிறகு என்னிடம் சொன்னார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலமாக்கிய புதிது அது. நான் கடலோர ஓட்டல் ஒன்றில் டிரைவர். பதினான்கு வருடம் பிறத்தியார் வண்டியை ஓட்டியிருந்தேன். சொந்தமாக ஒன்று வாங்கி, நம் ஊர் எண் போட்டு, பிறகு வாடகைக்கு ஓட்ட அனுமதி வாங்கிவிட்டால் யாருக்கும் கதவு திறந்துவிட்டு நிற்க வேண்டாம் என்று ஓர் எண்ணம். ஓட்டலுக்கு வந்து போகிற ஒருவர் மூலமாக நெல்லூரில் ஒரு டாக்டரின் வெள்ளை அம்பாசடர் விலைக்கு வருவது தெரிந்தது. போய்ப் பார்த்தேன். உள்ளே சீட்டு உறைகூடக் கலையாமல் இருந்தது. மறு வாரமே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டு வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியபோது முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் மச்சான்தான். இறங்கும்போது கதவை இரண்டு முறை சாத்திப் பார்த்தார். “சத்தம் கல்லு மாரி கீது மாப்ள. தைரியமா வாங்கலாம்” என்றார், வாங்கி முடித்த வண்டியைப் பார்த்து.

வேறு மாநிலத்து வண்டியை வாங்குவதில் ஒரு சங்கடம். வண்டி கைக்கு வந்துவிடும், ஆனால் நம்முடையதாகாது. அந்த ஊர் ஆபீஸ், வண்டி போவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் தர வேண்டும். என்.ஓ.சி. என்பார்கள். அதைக் கொண்டுபோய் செங்கல்பட்டில் கொடுத்து, வரி கட்டி, பெயர் மாற்றி, புது எண் வாங்க வேண்டும். அதுவரைக்கும் அது ஆந்திரா வண்டி. என்.ஓ.சி. வருவதற்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் வண்டி என் வீட்டுக்குப் பின்னால் நின்றது. அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம். தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைத்தேன். உப்புக்காற்று தார்ப்பாயை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. எப்போதாவது வெளியே எடுத்தால் சாலை முனையில் நிற்கிற போலீஸ்காரர் கையைக் காட்டிவிடுவார். “இன்னாபா ஆந்திரா, இன்னும் ஊருக்குப் போவலியா?” என்பார். சிரித்துக்கொண்டே காகிதங்களை எடுத்துக் காட்டுவேன். மூன்றாவது முறை சிரிப்பு வரவில்லை. வண்டியை வெளியே எடுப்பதையே விட்டுவிட்டேன்.

அதே சமயம் மச்சானுக்கு ஒரு யோகம் அடித்திருந்தது. மொரீஷியஸ் தீவில் கோயில் கட்டுகிறார்கள், இங்கிருந்து ஒரு ஸ்தபதி ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறார், இரண்டு வருட வேலை, கொடை கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் தமிழில் வெட்ட ஓர் ஆள் வேண்டும் என்று மச்சானைக் கேட்டிருந்தார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. போலீஸ் விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டியது பாக்கி. மச்சான் அதற்குள் சிவப்பு நிறத்தில் ஒரு சூட்கேஸ் வாங்கிவிட்டார். வீட்டுக்கு யார் போனாலும் அதைத் திறந்து மூடிக் காட்டுவார். உள்ளே ஒன்றும் இருக்காது. நாற்பத்திரண்டு வயதில் சென்னையைத் தாண்டிப் போகாதவர். “பொறந்ததுலந்து இந்தக் கடல இந்தப் பக்கத்துலந்தே பாத்துகினு கீறேன் மாப்ள. ஒரே ஒரு தபா அந்தப் பக்கத்துலந்து பாத்துடணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

என்.ஓ.சி. வந்தது. அதற்குக் கெடு உண்டு என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. நாட்கள் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தன. படிவத்தில் ஒட்டுவதற்காகப் பென்சிலால் தேய்த்து எண்ணை எடுக்கப் போனபோதுதான் உப்புக்காற்றின் வேலை புரிந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்துப் பார்த்தேன். துருவோடு எண்ணும் கொஞ்சம் போய்விட்டது. ஓட்டல் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக், “அப்படியே கொண்டு போண்ணே. உள்ளத உள்ளபடி சொல்லு. அவங்க ஒரு வழி சொல்லுவாங்க” என்றார். நல்ல யோசனை. அதைக் கேட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. திருப்பி அனுப்பிவிட்டால், கெடு தாண்டிவிட்டால், மறுபடியும் நெல்லூர், மறுபடியும் நான்கு மாதம், மறுபடியும் தார்ப்பாய். ஓட்டலில் வேறு மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சானை வரச் சொன்னேன். அழிந்த எழுத்தைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்தச் சாயங்காலத்துக்குள் நடு மூன்று எண்களும் உளியால் வெட்டுப்பட்டுப் பளிச்சென்று ஆழமாகிவிட்டன. பென்சிலை வைத்தேன். ஒன்று விடாமல் எழும்பி வந்தது.

மறுநாள் காலை இருவரும் செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். மச்சானுக்கு அங்கே வேலை இல்லை. புது வண்டியில் முதல் சவாரி என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரைக்கும் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். ஆபீஸ் வளாகத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. மோட்டார் வாகன ஆய்வாளரை டிரைவர்கள் நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசாதவர். என் லைசென்ஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். பானட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மச்சான் செய்தது போலவே கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார்.

“யாருய்யா இத வெட்டினது?” என்றார்.

நான் பானட்டைத் தாங்கியிருந்த கம்பியைச் சரிசெய்தேன்.

“ஃபேக்டரில நம்பர் வெட்ட மாட்டாங்க, அடிப்பாங்க. அடிச்சா இரும்பு நசுங்கி ஓரம் மேல வரும். இது செதுக்கியிருக்கு. இவ்ளோ அழகா எந்த ஃபேக்டரிலயும் வராது. திருட்டு வண்டியா?”

இரும்பில் கைநேர்த்தியைக் காட்டக் கூடாது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இந்தத் தப்பு நடந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. அழிந்த எண்ணை அழகாக வெட்டினால் நல்லது என்று எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் தோன்றும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற லாரிக்காரர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். என் லைசென்ஸ் அவர் கையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் முன்னால் வந்தார். “நான் தான் சார் வெட்னேன். எழுத்து வெட்றது தான் என் தொழிலு. நம்பர மாத்தல சார், கீறது மேலயே தான் கீறினேன். மாப்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அவரு வூட்ல இல்லாத நேரம், நானா தான் செஞ்சேன்” என்றார்.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியாதா?”

“தெரியாது சார்” என்றேன்.

ஒரே ஒரு சொல். மச்சான் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆய்வாளரையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொன்னது உண்மைதான் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு. ஆய்வாளர் லைசென்ஸை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தன் வேலையைச் செய்தார். நெல்லூருக்கு விவரம் கேட்டு எழுதினார்கள், காவல் நிலையத்துக்கும் எழுதினார்கள். வண்டியை வளாகத்து மூலையில் ஒரு புங்கமரத்தடிக்குத் தள்ளிவிட்டோம். மச்சானிடம் எழுதி வாங்கினார்கள். வழக்குப் போடவில்லை, விசாரணை முடிகிறவரைக்கும் கூப்பிட்டபோது வர வேண்டும், ஊரை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். அவ்வளவுதான். கேட்கும்போது சின்ன வார்த்தையாகத்தான் இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்த மச்சான், கொளவாய் ஏரியைக் கடக்கும்போது, “பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கிறதும் போலீஸு தான இல்ல மாப்ள?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கண்டக்டரிடம் திரும்பி ஏதோ தமாஷ் பேசத் தொடங்கிவிட்டார்.

அதன் பிறகு திங்கட்கிழமை தோறும் அதே பஸ். நான் ஓட்டலில் போய்க் கெஞ்சி வேலையை மறுபடியும் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு மட்டும் விடுப்பு சொல்லிவிட்டு வருவேன். காவல் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்வோம். சில நாள் கூப்பிட்டுக் கேட்பார்கள், சில நாள் அடுத்த வாரம் வா என்பார்கள். திரும்பும் வழியில் மச்சான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குள் நுழைந்து வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். வாரத்துக்கு வாரம் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் அமிழ்ந்தது. முதலில் ஒரு டயர் இறங்கியது, பிறகு எதிர்ப்பக்கம். மேலே முழுக்கக் காக்கை எச்சம், புங்கம்பூ. மச்சான் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முன் கண்ணாடியில் ஒரு முகம் தெரிகிற அளவுக்குத் துடைப்பார். “இன்னா தப்பு பண்ணிச்சி இது, இத்த கட்டிப் போட்டு வெச்சிகிறானுங்க” என்பார். அதை அவர் வண்டியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நானும் காட்டிக்கொள்வேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். நானும் கூடத்தான் இருந்தேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். பஸ் திருக்கழுக்குன்றத்தில் நிற்கும்போது மனம் உறுதியாக இருக்கும். செங்கல்பட்டு வந்ததும், இப்போது சொன்னால் அன்றைக்குப் பொய் சொன்னவனாகிவிடுவேன், மச்சான் சொன்னதும் பொய்யாகிவிடும், இருவரையும் சேர்த்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று தோன்றும். காரணம் தேடுகிறவனுக்குக் காரணம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். ஒரு பொய்க்குள் உள்ளே போகிற வழி மட்டும்தான் இருக்கிறது என்பதை நான் அந்த பஸ்ஸில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

நான்காவது மாதம் ஸ்தபதி மச்சான் வீட்டுக்கு வந்தார். பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து, விசாரணை நிலுவையில் இருப்பதால் இப்போது தருவதற்கில்லை என்று கடிதம் வந்துவிட்டது. இனியும் காத்திருக்க முடியாது, டிக்கெட் போட வேண்டும் என்றார். மச்சான் அவரை உட்கார வைத்து டீ கொடுத்து, தனக்குப் பதிலாக யாரைக் கூட்டிப் போகலாம் என்று அவரே ஓர் ஆளையும் சொன்னார். கிளம்புகிற அன்று பட்டறை வாசலில் வேன் நின்றது. மாலை, சந்தனம், அழுகை எல்லாம் இருந்தன. மச்சான் உளிகளைச் சுருட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்து, பெயர் வெட்டுகிற சின்ன உளியை எடுத்து, தன் இடத்தில் போகிற அந்த ஆளின் கையில் கொடுத்தார். “அவசரப்பட்டு ஓங்கிப் போடாத. கல்லு தானா வழி வுடும்” என்றார். வேன் வளைவில் திரும்பிய பிறகு என் தோளில் கையைப் போட்டு, “நான் போனா இன்னா, என் உளி போனா இன்னா மாப்ள” என்றார். அந்த மூன்று எண்களை வெட்டியதும் அதே உளிதான்.

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தபாலில் பதில் வரட்டும் என்று காத்திருந்ததை விட்டுவிட்டு நானே நெல்லூருக்குப் போனேன். வண்டியை விற்ற டாக்டர் நல்ல மனிதர். தன் வேலையைப் போட்டுவிட்டு என்னோடு அந்த ஊர் ஆபீசுக்கு வந்தார். வண்டி புதிதாக இருந்தபோது பதிவு செய்த கோப்பு பழைய கட்டுகளில் எங்கேயோ இருந்தது. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாவது முறை ஒரு குமாஸ்தா தூசி தட்டி எடுத்துவந்தார். உள்ளே படிவத்தில் ஒட்டிய பென்சில் காகிதம், பழுப்பேறி, ஓரம் மடங்கி. என் கண் நேரே நடுவுக்குத்தான் போனது. எட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஃபேக்டரியில் அடிக்கும்போது அச்சு நழுவியிருக்கும் போல. மற்ற எண்களெல்லாம் நிமிர்ந்து நிற்க, அது மட்டும் சுவரில் தோள் சாய்த்து நிற்கிறவனைப் போல நின்றது.

கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய நகலை, அடுத்த திங்கட்கிழமை மச்சானோடு போய்ச் செங்கல்பட்டில் கொடுத்தேன். ஆய்வாளர் அதையும், நாங்கள் கொடுத்திருந்த பென்சில் காகிதத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் எட்டு சாய்ந்திருந்தது, ஒரே சாய்வு. வெகுநேரம் பார்த்தார். “மாத்தி வெட்டறவன் நேரா வெட்டுவான்யா. இந்த ஆளு கோணலையும் சேத்து வெட்டியிருக்கான்” என்றார். மச்சானைப் பார்த்து, “உன் கைவேலைய கல்லோட நிறுத்திக்க” என்றார். “கும்புட்டுக்கினேன் சார்” என்றார் மச்சான்.

எச்சரித்து எழுதி விசாரணையை முடித்தார்கள். முறைப்படி அனுமதி வாங்கி, மச்சான் வெட்டியதன் மேல் குறுக்குக் கோடு போட்டுவிட்டு, பக்கத்திலேயே அதே எண்ணைப் புதிதாக அச்சில் அடித்தார்கள். கெடு தாண்டிப்போன என்.ஓ.சி.யையும் புதுப்பித்து, கடைசியில் தமிழ்நாட்டு எண் கிடைத்தது. மச்சான் பானட்டைத் திறந்து புது எட்டைத் தடவிப் பார்த்தார். விறைப்பாக நிமிர்ந்து நின்றது. “பொணம் மாரி கீது மாப்ள” என்று சொல்லி மூடிவிட்டார். வண்டி பல வருடம் எனக்கு உழைத்தது. மச்சானைத் தேடி அது போல இன்னொரு வாய்ப்பு வெகுகாலம் வரவில்லை. வந்தபோது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சிவப்பு சூட்கேஸில் அவர் மனைவி கம்பளிகளைப் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

என் மனைவிக்கு மட்டும் ஆறவில்லை. பொங்கலோ தீபாவளியோ, அண்ணன் வந்து இலையில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். “இவருக்குக் கை சும்மா இருக்காது. போற எடத்துல எல்லாம் உளியத் தூக்கிக்கினு போவாரு. யாரு கேட்டாங்க இவர, அந்த வண்டில போய்க் கைய வெய்யினு? யாராவது கேட்டாங்களா?” மச்சான் சிரித்துக்கொண்டே, “யாரும் கேக்கல மா, கொழம்ப ஊத்து” என்பார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தீபாவளிக்குத் தாங்க முடியாமல், “இல்ல, நான் ஒண்ணு சொல்லணும்” என்று வாயைத் திறந்துவிட்டேன். மச்சான் என் காலை மிதித்தார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போன இடத்தில் மெல்லிய குரலில், “பைத்தியமா மாப்ள உனக்கு? நீ சொன்னா அவ உன் மூஞ்சில முழிப்பாளா? அவ மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்தா, நல்ல நாளு அதுவுமா நான் எங்க வந்து சாப்புடுறது? வுடு” என்றார். அவர் எனக்குச் செய்த நல்லது அது. செங்கல்பட்டில் யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. மச்சானுடைய நல்ல மனசுதான் வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டது.

மச்சான் இறந்து ஒரு வருடம் ஆகிறது. காரியத்தன்றும் என் மனைவி அதையேதான் சொல்லி அழுதாள். இப்போது திட்டாக இல்லை, ஒப்பாரியாக இருந்தது. கடல் தாண்டிப் போக வேண்டியவனாச்சே, யாரு கேட்டாங்க உன்ன, யாரு கேட்டாங்க உன்ன என்று. போன மாதம் என் மகன் பெங்களூரிலிருந்து ஒரு பழைய கார் வாங்கி வந்தான். விண்ணப்பத்தைத் தன் செல்போனிலேயே போட்டுவிட்டான். “எல்லாத்தையும் போன்லயே முடிச்சிட்டேம்பா, இந்தப் பென்சில் வேலை ஒண்ணுதான் எனக்குத் தெரியல, வந்து காட்டு” என்று கூப்பிட்டான். குனிந்து காகிதத்தை வைத்துத் தேய்த்தேன். ஒரே இழுப்பில் எல்லா எண்களும் வந்துவிட்டன. அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனான். நான் லைசென்ஸ் உறையிலிருந்து என் காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். முன்னால் சில எண்கள், பின்னால் இரண்டு, நடுவில் கறுப்பு. மச்சானின் உளி படுவதற்கு முன்னால் எடுத்தது. அப்போது இன்னும் ஒரு தப்பும் நடக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான், எட்டு தான் மாப்ள, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார் என்றார். தடவிப் பார்த்தேன். எட்டு தான். மச்சான் பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தார். விரலிலிருந்த துருவை லுங்கியில் துடைத்தார். பக்கத்தில் விரித்துவைத்திருந்த துணியில் உளியையும் சுத்தியலையும் சேர்த்துச் சுருட்டி முடிச்சுப் போட்டார். “ஆனா நான் இதுல கைய வெக்க மாட்டேன் மாப்ள. கல்லுன்னா என் இஷ்டம். இது கவருமெண்டு நம்பரு. நாளைக்கு அந்த இன்ஸ்பெக்டரு வெரலப் புட்சி இதும்மேல வெச்சிக் காட்லாம், அவருக்கும் தெரியும்” என்றார். மூட்டையைச் சைக்கிள் கேரியரில் செருகினார். ஸ்டாண்டை எடுத்துவிட்டார்.

நான் போய்ச் சைக்கிளுக்குக் குறுக்கே நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். “எனக்காக வேணாம் மச்சான். உன் தங்கச்சிக்காக செய். அவ தான் கேக்கச் சொன்னா” என்றேன். அவள் சொல்லவில்லை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மச்சான் கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சைக்கிளைத் திரும்ப ஸ்டாண்டில் நிறுத்தினார். மூட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்த்தார்.